ட்ரையர் வாயில் நின்றவர்



இந்தப் பக்கத்தை எழுதும்போது என் தலைக்கு மேலே ஆறு சோடி காலுறை தொங்குகிறது. மேசை விளக்குக்குப் பக்கத்தில் இன்னுமொரு சோடி. நாளைக்கு மகன் பள்ளிக்கூடத்துக்குப் போட வேண்டியது என்பதால் அதற்கு மட்டும் விசேஷ இடம். ஹட்டனில் மழை பிடித்து இன்றோடு பதினொரு நாள். விட்ட மாதிரி இருக்கிறதே என்று கொடியை வெளியே இழுத்துக் கட்டினால், முடிச்சுப் போடுமுன் அடுத்த பாட்டம் இறங்கிவிடுகிறது. அச்சகத்துக்குப் பக்கங்கள் நேற்றே போயிருக்க வேண்டும். அட்டைப்படத் தாள்கூட ஈரம் குடித்துச் சுருண்டு கிடக்கிறது என்று அச்சகத் தம்பி போனில் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

போன இதழில் மழைக்காலச் சமையல் பற்றி நாலு பக்கம் போட்டிருந்தோம் அல்லவா? அதற்குப் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். "சமையல் கெடக்கட்டும், உடுப்பு காயவைக்க ஒரு வழி சொல்லுங்க. மகன் கட்டார்ல இருந்து காசு அனுப்பி ட்ரையர் வாங்கித் தந்தான். ரெண்டு மணித்தியாலம் ஓடுது, பில் ஏறுது, ஜீன்ஸ் இடுப்புப் பட்டி மட்டும் ஈரமாவே கெடக்கு. வித்த கடையில கேட்டா, 'மழைக்காலந்தானே அக்கா' என்கிறாங்க. மழைக்காலத்துக்குத்தானே வாங்கினோம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இருந்ததில்லை. என் வீட்டு ட்ரையரும் அதே லட்சணத்தில்தான் இருந்தது. பதில் தெரிந்த ஆளைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். அவர் வாழ்நாளில் வாஷிங் மெஷின் தொட்டவர் அல்ல.

அதற்குமுன் என் தங்கச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அவளோடு போனில் பேசுவதை நான் கூடியவரை தவிர்ப்பேன். "காலையில போட்ட பெட்ஷீட் பத்து மணிக்கெல்லாம் அப்பளம் மாதிரி ஆயிடுச்சுக்கா" என்பாள். எரிச்சலாக இருக்கும். ஆனால் அவள் வீட்டு அப்பளத்துக்கும் என் வீட்டு ஈரத்துக்கும் காற்று ஒன்றுதான். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வந்த தண்ணீரை கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன் பிரிட்ஜ் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலை ஏறி, ஹக்கலைக்கு அந்தப்புறம் ஊவாவில் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகிறது, வறண்டுபோகிறது. அங்கே அதைக் கச்சான் என்கிறார்கள். நமக்குக் கொட்டியதன் மிச்சம்தான் அவளுக்குக் கச்சான்.

ஊவாத் தேயிலை மணம் பிடித்து நல்ல விலை போகும் காலமும் அந்த ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான். நமது டிம்புளைப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. நுவரெலியாவில் புல்லில் உறைபனி பூத்து, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும் அதே மாதங்கள். அப்போது நம் கொடியில் உடுப்பு எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பு ஏலத்தில் தேயிலைக்கு எப்போது நல்ல விலை விழும் என்று கேட்டால், கொடியில் உடுப்பு மொறுமொறுவென்று காயும்போது என்று எந்த லயத்து ஆத்தாவும் சொல்லிவிடலாம். யாரும் ஆத்தாவிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். ஏழு பேர். மழைக்காலத்தில் அந்தக் காம்பராவுக்குள் எட்டாவது ஆளாக ஈரம் குடியிருக்கும். மலைக்குப் போய்வந்த அம்மாவின் படங்கும் சேலையும் நனைந்த கம்பளியும் வாசல் பக்கம் தொங்கும். அவை காயாது. காலையில் சொட்டாமல் இருந்தாலே அதைக் காய்ந்ததாகக் கணக்கு வைத்து அம்மா மறுபடி உடுத்திக்கொண்டு கொழுந்துக்குப் போவார். உடம்புச் சூட்டில் கொஞ்சம் காயும், அடுத்த மழையில் அதுவும் போகும். அடுப்புக்கு மேலே கட்டியிருந்த ஒரே கம்பி பள்ளிக்கூட வெள்ளை உடுப்புக்கு மட்டும். கவ்வாத்து மலையிலிருந்து சுமந்துவந்த மிலாறு பச்சையாக எரிந்தால் புகை அத்தனையும் சட்டையில் ஏறும். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் யார் எந்த லயத்துப் பிள்ளை, எவர் வீட்டில் காய்ந்த விறகு, எவர் வீட்டில் பச்சை மிலாறு என்று மணத்தை வைத்தே சொல்லிவிடலாம். டவுனிலிருந்து வந்த ஒரு டீச்சர் என் கொலரைப் பிடித்து முகர்ந்துவிட்டு, "வீட்ல என்ன, கருவாடா சுடுறீங்க?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கு இன்றைக்கும் துவைத்த உடுப்பை முகராமல் மடிக்க வராது.

அந்த லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இருந்தது. நாலு மாடி, நிறைய ஜன்னல். உள்ளே இரவு பகலாகக் காயவைக்கும் வேலை. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து உள்ளே போனால் ஒரு கிலோ தேயிலை வெளியே வரும். மிச்சமெல்லாம் தண்ணீர். மேல்மாடியில் வாட்டுவது, அரைப்பது, புளிக்கவிடுவது எல்லாம் முடிந்து ட்ரையருக்குள் போய் வரும்போது தேயிலையில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்குதான் இருக்கும். என் பெரியப்பா அந்த ட்ரையர் வாயில் முப்பத்தோரு வருஷம் நின்றவர். அப்படியென்றால் நம் வீட்டு ஈரத்துணியை அவர் கொண்டுபோய் அங்கே காயவைத்திருக்கலாமே என்று சின்ன வயதில் கேட்டேன். "டீமேக்கர் வெரட்டிருவாரு புள்ள" என்றார். உண்மைதான். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். சவர்க்கார வாசமோ வேர்வை வாசமோ அதில் ஏறிவிட்டால் சரக்கு கெட்டது. அம்மா நனைந்து நனைந்து பறித்த கொழுந்து அங்கே சூட்டில் காய்ந்தது. பறித்தபோது உடுத்தியிருந்த சேலைக்கு அந்தப் படியில் கால் வைக்க அனுமதி இல்லை.

அந்த ட்ரையரின் பூர்வீகமும் சுவையானது. சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்துக்காரர் அசாம் பக்கம் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கரி அடுப்பின்மேல் தட்டு வைத்துத் தேயிலையைக் கையால் கிண்டும் வேலையைப் பார்த்துச் சலித்து, சூடான காற்றை ஓடவிட்டுக் காயவைக்கும் இயந்திரம் செய்தார். 1881இல் பெல்பாஸ்ட்டில் அதற்கென்றே தொழிற்சாலை தொடங்கினார். வைத்த பெயர் சிரொக்கோ, சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் சுடுகாற்றின் பெயர். நம்மூர் ஆளாக இருந்திருந்தால் கச்சான் என்று வைத்திருப்பார்.

சரி, என் வீட்டு ட்ரையருக்கு வருவோம். நம் ஊரில் ட்ரையர் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சாமான் இருக்கிறது. இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினில் பக்கத்தில் சுற்றுகிற சின்னத் தொட்டியையும் ட்ரையர் என்கிறோம். அதில் சூடு கிடையாது. வேகமாகச் சுற்றித் தண்ணீரை உதறும், அவ்வளவுதான். மற்றது சூடான காற்று விட்டு உருட்டிக் காயவைக்கும் நிஜ ட்ரையர். முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். மாறாக, இரண்டாவதை வாங்கியபின் முதலாவதை மதிக்காமல் விடுகிறவர்களும் உண்டு. நான் இந்த இரண்டாம் ரகம்.

பெரியப்பா போன மாதம் கண் பரிசோதனைக்கு வந்து நாலு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். வயது எண்பத்திரண்டு. நான் ட்ரையரைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு வந்தால், அவர் கதிரையை இழுத்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்குள் உடுப்பு உருளுவதை அரைமணி நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஈரக்காத்து எந்தப் பக்கமா வெளிய போவுது?"

நான் பின்பக்கத்தைக் காட்டினேன். மெஷினின் முதுகிலிருந்து நாலு அங்குல அகலத்தில் மடிப்பு மடிப்பான ஒரு குழாய். அது ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டும். கடைக்காரர்கள் அப்படித்தான் பொருத்திக் கொடுத்தார்கள். ஆனால் குளிர் வருகிறதென்று குழாயை உள்ளே இழுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தியவள் சாட்சாத் நானேதான். போதாததற்கு இடத்தை மிச்சம் பிடிக்க மெஷினைச் சுவரோடு தள்ளியதில் குழாய் நசுங்கி ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. மெஷின் தான் விட்ட ஈர மூச்சையே திரும்ப இழுத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்க நீராவி. அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். அதற்கும் மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"பொகக்கூண்டு இல்லாத அடுப்பு வச்சிருக்க" என்றார் பெரியப்பா.

அவர் விளக்கியதை நான் பிறகு புத்தகங்களோடு ஒத்துப்பார்த்தேன். 16 பாகை குளிரில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 14 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்கும். மழை நாளில் அது ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பியே வருகிறது. அதனால்தான் கொடியில் கிடக்கிற உடுப்பு அப்படியே கிடக்கிறது. அதே காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால் சுமார் 130 கிராம் தாங்கும். ஒன்பது மடங்குக்கு மேல். ட்ரையரின் வித்தை இவ்வளவுதான். ஆனால் நிறையக் குடித்த காற்றை வெளியேற்றினால்தான் அடுத்த காற்று குடிக்க முடியும். ஸ்டோர் ட்ரையரில் 90, 100 பாகையில் உள்ளே போகிற காற்று, வெளியே வரும்போது 50, 55 இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். வெளிச்சூடு அதற்குக் கீழே இறங்கினால் உள்ளே தேயிலை காயவில்லை, வேகிறது என்று அர்த்தம். "நாங்க உள்ள போற சூட்டவிட வெளிய வர்ற சூட்டத்தான் பாப்போம்" என்றார். என் மெஷினில் உடுப்பு வெந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒரு மாதிரி வாடையோடு இருந்ததன் ரகசியம் அதுதான்.

அடுத்து அவர் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். இரண்டு பெட்ஷீட், நாலு துவாய், மகனின் ஜீன்ஸ், என் கொட்டன் சோளிகள், எல்லாம் ஒன்றாக. "தட்டுல கனமா பரப்பினா மேல காயும், நடுவுல பச்சயா இருக்கும்." பொகவந்தலாவை அம்மாவின் ஜீன்ஸ் இடுப்புப் பட்டிக்கு இதுதான் பதில். மெல்லிசையும் கனத்தையும் சேர்த்துப் போட்டால் மெல்லிசு முதலில் காய்ந்துவிடும். ஈரம் அறியும் வகை மெஷின் அந்த மெல்லிசைத் தொட்டுப் பார்த்துவிட்டு "முடிந்தது" என்று மணி அடித்துவிடும். கதவுக்கு உட்புறம் கீழே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கிறதா பாருங்கள், அவைதான் அதன் விரல்கள். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றுகிறவர்கள் வீட்டில் அந்தப் பட்டைகளில் மெழுகுபோல் ஒரு படலம் ஏறி, விரல் மரத்துப்போகும். கொஞ்சம் விநாகிரி தொட்ட துணியால் துடைத்தால் போதும். பெட்ஷீட் இன்னொரு வில்லன். அது உருண்டு பந்தாகி, மற்ற உடுப்பையெல்லாம் வயிற்றுக்குள் சுருட்டிக்கொள்ளும். பாதியில் ஒருமுறை நிறுத்தி உதறிப் போடுவதைத் தவிர இதற்கு நான் வேறு வழி கண்டதில்லை.

பஞ்சுத்தூசு சல்லடையை ஒவ்வொரு முறையும் தட்டுகிறேன் என்று பெருமையாகக் காட்டினேன். பெரியப்பாவுக்குக் கண் சரியில்லை, விரலால் தடவினார். "வழுக்குதே" என்றார். குழாயடியில் அதன்மேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் கண்ணறை வழியாக இறங்காமல் மேலே தேங்கி நின்றது! பார்வைக்குச் சுத்தம், ஆனால் தண்ணீர் போகாத இடத்தில் காற்று எப்படிப் போகும்? பழைய பல் தூரிகையும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தபின் தண்ணீர் சல்லென்று இறங்கியது. ஸ்டோரில் தட்டுக் கண்களை அப்படித்தான் சோதிப்பார்களாம். இதை இன்றைக்கே செய்து பாருங்கள்.

மறுநாள் ரிப்பேர் பாஸ் ஒருவர் வந்தார். குழாயைச் சீராக்கி, குறுகிய வழியில் ஜன்னலுக்கு வெளியே விட்டு, வெளிமுனையில் மழை அடிக்காமல் ஒரு தகர மூடி வைத்தார். பின்பலகையைக் கழற்றியதும் ஒரு கை நிறையப் பஞ்சு, சாம்பல் நிறத்தில், ஹீட்டருக்குப் பக்கத்திலேயே. அதைப் பார்த்ததும் எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. 2016 ஓகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் 18 மாடிக் கட்டடம் ஒன்று பற்றியது. காரணம் ஒரு வீட்டு ட்ரையர். வேர்ல்பூல் குழுமத்தின் ட்ரையர்களில் பஞ்சு ஹீட்டர்மேல் விழக்கூடிய குறை இருப்பது 2015இலேயே தெரிந்திருந்தது. 2004 முதல் விற்கப்பட்டவை ஐம்பது இலட்சத்துக்கு மேல். ஆள் வந்து திருத்தும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு பாவியுங்கள் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அந்தத் தீ பிடித்தபோதும் வீட்டில் ஆள் இருந்தார்கள். பிளக்கைக் கழற்றுங்கள் என்று பிறகுதான் அறிவுறுத்தல் மாறியது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ ட்ரையரால். அவற்றின் முதல் காரணம் துப்புரவு செய்யாமை. ட்ரையரைப் போட்டுவிட்டு டவுனுக்குப் போகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், படுக்கப் போகும்போது போடுவதையும்தான்.

மெஷின் முனகுகிறது, தொட்டி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்கும். சுற்றுகிறது, சூடு இல்லை என்றால் ஹீட்டரோ, அதன் காவல் பியூஸோ போயிருக்கும். அந்தப் பியூஸ் சும்மா போகாது. காற்று அடைபட்டுச் சூடு மிஞ்சியதால் தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றியிருக்கும். பியூஸை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயைப் பார்க்காமல் போகிற பாஸை நம்பாதீர்கள். குழாயே இல்லாத, தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கும் ரகங்களும் இப்போது கடைகளில் வந்திருக்கின்றன. அந்தத் தொட்டியைக் கொட்டாமல் விட்டாலும், உள்ளே இருக்கும் இரண்டாவது சல்லடையை மறந்தாலும் அது பாதியில் நின்றுவிடும்.

இனி, யாரும் சொல்லித் தராத ஒரு குறை. கரண்ட்டின் பலம். வரிசையின் கடைசி வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், மாலை ஆறு மணிக்கு பல்ப் மஞ்சளடிக்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180தான் வந்தால் ஹீட்டரின் சூடு கொஞ்சம்தானே குறையும் என்று நினைப்போம். அப்படியில்லை. 61 சதவீதம்தான் மிஞ்சும், கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் போய்விடும். பகல் பதினொரு மணிக்கு ஒரு தடவையும் மாலை ஏழு மணிக்கு ஒரு தடவையும் ஒரே அளவு உடுப்பைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வயரிங் விஷயம் இதைவிடப் பெரியது. இரண்டரைக் கிலோவாட் ட்ரையர் ஏறக்குறைய 11 அம்பியர் இழுக்கும். லயத்துக் காம்பராக்களில் பல்புக்கும் ரேடியோவுக்கும் என்று இழுத்த பழைய வயரில், 5 அம்பியர் உருண்டை முள் சொக்கெட்டில், எக்ஸ்டென்ஷன் போட்டு இதைக் கொளுவுவது தீக்குச்சியைக் கிழிப்பதற்குச் சமம். ஒரு காம்பராவில் பிடித்தால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையே போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கசக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: லயத்தில் இருப்பவர்கள் சூட்டு ட்ரையர் வாங்க வேண்டாம். லக்ஷபானவில் 1950இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீர் நம் மலைத் தண்ணீர். கம்பிகள் நம் லயங்களுக்கு மேலாகத்தான் கொழும்புக்குப் போயின. கீழே பல லயங்களில் குப்பி விளக்கு அணைய அதன்பிறகும் பல பத்தாண்டுகள் எடுத்தன. வந்த மின்சாரத்திலும் ஒரு ட்ரையரை நம்பிப் போட முடியவில்லை என்பதை நான் மழையின் தலையில் கட்ட மாட்டேன்.

அதனால்தான் அந்தச் சின்னச் சுற்றும் தொட்டியின் கட்சிக்கு நான் மாறிவிட்டேன். அது இழுக்கும் கரண்ட் சொற்பம். சமையலறைத் தராசில் ஒரு துவாயை நிறுத்துப் பார்த்தேன். காய்ந்தபோது அரைக் கிலோ. கையால் பிழிந்தால் ஒரு கிலோவுக்கு மேல். ஐந்து நிமிடம் சுற்றிய பிறகு 800 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லீட்டர் தண்ணீரைச் சூட்டால் ஆவியாக்க முக்கால் யூனிட் வரை கரண்ட் போகும். சுற்றி உதறினால் அதில் ஒரு துளிதான். 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதமும் கட்டணம் ஏறியபோது பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

அந்தத் தொட்டியின் நோய்கள் எளியவை. தடதடவென்று ஆடினால் ஒரு பக்கம் கனம் கூடியிருக்கிறது. எடுத்துச் சுற்றிவர அமுக்கி வையுங்கள், மேலே அந்த வட்டப் பிளாஸ்டிக் மூடியைப் போட மறக்காதீர்கள். அந்த மூடி இல்லாமல் சுற்றினால் ஒரு காலுறை எகிறித் தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் விழுந்து அச்சில் சுற்றிக்கொள்ளும். பிறகு மோட்டர் முனகும், கருகல் வாடை வரும். எங்கள் வீட்டில் ஒற்றையாய்ப் போன காலுறைகளில் மூன்று அங்கேதான் கிடைத்தன. மூடியைத் திறந்ததும் தொட்டி நிற்காவிட்டால் பிரேக் கம்பி தேய்ந்திருக்கிறது. அதைத் திருத்தும்வரை பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். நின்றுகொண்டிருப்பதுபோல் தெரிகிற தொட்டியில் சேலை முந்தானை சிக்கினால் கையை முறித்துவிடும்.

சுற்றிய உடுப்பை எங்கே விரிப்பது? இதுதான் எனக்கு மனக்குறை. இந்திய வீட்டுத் திட்டத்தில் முதலில் 4,000 வீடு, 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் வந்து அறிவித்தது இன்னொரு 10,000. ஏழு பேர்ச் காணி, தனி வீடு. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் கட்டுகிற வீட்டுக்கு உடுப்பு காயப்போட ஒரு கூரைத் துண்டு வேண்டும் என்று வரைபடம் போட்டவர் எவருக்கும் தோன்றவில்லையே. துவைக்கிறவர் எவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்கொட்லாந்துக்காரர்கள் நம் தோட்டங்களுக்கு டன்கெல்ட், டன்சினேன் என்று தங்கள் ஊர்ப் பெயர்களை விட்டுப்போனார்கள். அவர்கள் ஊரும் மழை ஊர்தான். அங்கே பழைய வீட்டு அடுக்களைகளில் கூரையிலிருந்து கப்பி போட்டு இறக்கி ஏற்றும் மரச் சட்டம் ஒன்று தொங்கும். உடுப்பை விரித்து மேலே ஏற்றிவிட்டால் அடுப்புச் சூடு தானாக மேலே போய்க் காயவைக்கும், கீழே நடக்கிறவர் தலையிலும் இடிக்காது. பெயரோடு சேர்த்து அந்தக் கப்பியையும் நம் லயங்களுக்குத் தந்திருக்கலாம்.

நுவரெலியாவில் என் சிநேகிதி ஒருத்தி கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் கணவர் பொலித்தீன் கூடாரத்துக்குள் கறிமிளகாய் பயிரிடுகிறார். விளைச்சல் முடிந்து ஒரு கூடாரம் சும்மா கிடந்தபோது அதற்குள் நாலு கொடி கட்டினாள். முதல் நாள் காயவில்லை, உள்ளே நீர் சொட்டியது. கீழே ஒரு சாண் உயரத்துக்கும் மேலே முகட்டை ஒட்டியும் திறந்துவிட்ட பிறகு, வெயில் இல்லாத மேகமூட்ட நாளிலும் மாலைக்குள் காய்கிறது. அவளுக்கு ஸ்டோர் தெரியாது, பெரியப்பாவைத் தெரியாது. ஒளி ஊடுருவும் கூரைத்தகடு நாலு வாங்கி, வீட்டுப் பின்சுவரோடு சாய்ப்பாக இறக்கி, இரண்டு பக்கத்தையும் காற்றுக்கு விட்டால் இதே வேலையைச் சின்னதாகச் செய்யலாம். நாங்களும் அப்படி ஒன்று போடப் போகிறோம். மழை விட்டால்.

பொகவந்தலாவை அம்மாவுக்கு: குழாய் வெளியே போகிறதா பாருங்கள், சல்லடையில் தண்ணீர் ஊற்றுங்கள், ஜீன்ஸைத் திருப்பிப் போட்டுத் தனியாகச் சுற்றுங்கள், பகலில் போடுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் மறுபடி எழுதுங்கள். மகனிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பெரியப்பா ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் என் மேசைக்கு வந்தார். அன்றும் விளக்கின் பக்கம் தொங்கிய ஒரு காலுறையை எடுத்து, பெருவிரல் படும் முனையை மேல் உதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கை மரத்துப்போன ஆள், உதட்டுக்குத்தான் ஈரம் தெரியுமாம். ஸ்டோரிலும் அப்படித்தானா என்று கேட்டேன். "அங்க காதுல வச்சுக் கேப்பேன், மொறுமொறுன்னு சத்தம் வரணும்" என்றார். காலுறையைப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டார்.

"நுனி இன்னும் பச்ச புள்ள. இன்னொரு மணித்தியாலம் விடு."

அன்புடன்,
ஆசிரியர்